முந்தானை முனையில் ஒரு சொட்டு

கைக்குட்டையைக் கீழே இறக்குங்கள் சார். பூந்தமல்லியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன், மூக்கை விட்டு எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். வாசனை என்மேலிருந்துதான் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். எதையும் ஒளித்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் கேட்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்களோடு நாற்பது வருடம் சண்டை போட்டவன் நான்.

பாருங்கள். வலது மணிக்கட்டில் ரோஜா. இடது மணிக்கட்டில் தாழம்பூ. வலது முழங்கை மடிப்பில் வெட்டிவேர். இடது முழங்கை மடிப்பில் மருதாணிப் பூ, ஹினா என்கிறார்கள். நாலும் அத்தர். திருவல்லிக்கேணியில் ஒரு அத்தர் கடை பாய் காலையில் போட்டுவிட்டார். எழுபத்துமூன்று வயதில் இவனுக்கு மாப்பிள்ளை வேஷமா என்று நீங்கள் நினைப்பது உங்கள் கண்ணிலேயே தெரிகிறது. நினையுங்கள். என்னைப் பற்றி இதைவிட மோசமாக நினைத்தவர்கள் உண்டு, சுவரில் எழுதியும் வைத்தார்கள்.

என் பெயர் ஏகாம்பரம். வாணியம்பாடி. தோல் பதனிடும் தொழிலாளர் சங்கத்தில் இருபத்தாறு வருடம் செயலாளர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், பரவாயில்லை, கேள்விப்பட்டவர்களே மறந்துவிட்டார்கள். போன மே தினத்தில் மேடையில் எனக்கு நாற்காலி போடவில்லை. கீழே, மைக் செட்டுக்காரர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். நான் உட்காரவில்லை. கூட்டம் முடிகிற வரைக்கும், இரண்டரை மணி நேரம், நின்றேன். ஒருத்தன்கூடக் கவனிக்கவில்லை. அதை விடுங்கள், சொல்ல வந்தது அது இல்லை.

பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் துண்டறிக்கையும் பிரசுரமும் படித்துக் கற்றது. கூலி என்றால் என்ன, லாபம் என்றால் என்ன, உலகத்தில் எங்கெங்கே தொழிலாளி எழுந்தான், எல்லாம் பதினாறு பக்கத்துக்குள் இருக்கும். இன்றைக்கும் பதினாறு பக்கத்துக்கு மேல் போகிற எதையும் நான் நம்புவதில்லை.

அமராவதி என் மனைவி. போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த நாலு அத்தரும் அவளால்தான்.

அவள் என்னை ஏமாற்றினாள் சார். செத்துப்போனவளைப் பற்றி இப்படிப் பேசக்கூடாது என்பார்கள். நான் உண்மையைப் பேசுகிறவன். பதினெட்டு வருடம், என் கூரைக்குக் கீழே, என் கொள்கைக்கு எதிராக, எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறாள்.

போன மாதம் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் ஒரு துணி மூட்டை. உள்ளே சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பிகள். பதினொன்று. பத்து சுத்தமாகக் காலி. ஒன்றில் மட்டும் அடியில் காய்ந்துபோன பஞ்சு. மேலே ஒட்டிய பெயர் எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். என்ன காகிதம் என்று கேளுங்கள். என் துண்டறிக்கை. நான் எழுதியது. வேலைநிறுத்தத்தின்போது அச்சடித்ததில் ஒரு கட்டு மீந்து வீட்டில் கிடந்தது, அதைக் கிழித்துச் சுற்றியிருக்கிறாள்.

பஞ்சை முகர்ந்தேன். அவ்வளவுதான். பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அமராவதி வந்து பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. ஒரு நொடிதான். அடுத்த தடவை முகர்ந்தபோது பஞ்சு வாசனைதான் வந்தது. அதற்கடுத்து அதுவும் இல்லை.

என்ன சொல்கிறீர்கள், ஒரு பெண் பிள்ளை கொஞ்சம் அத்தர் வைத்துக்கொண்டால் அது ஏமாற்றா என்றா? உங்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. சொல்கிறேன்.

நான் செயலாளர் ஆனதும் ஒரு விதி கொண்டுவந்தேன். முதலாளி வீட்டிலிருந்து ஒரு வெற்றிலைகூட வாங்கக் கூடாது. பண்டிகைக்குப் பண்டிகை அங்கிருந்து தொழிலாளிகள் வீட்டுக்குப் பிரியாணி வரும், இனிப்பு வரும், சின்னக் குப்பியில் அத்தர் வரும். வாங்கியவன் வாய் திறப்பானா? அதனால்தான் விதி. வாங்கினவர்களைப் பெயர் போட்டு அறிக்கை எழுதுவேன். நம்மைத் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் இறக்கிவிட்டு நம் பெண்டாட்டிக்கு அத்தர் கொடுக்கிறான், அதைப் பூசிக்கொள்கிற வீடு துரோகி வீடு என்று எழுதினேன். நல்ல அறிக்கை அது. கேட் முன்னால் நின்று சத்தமாக வாசித்தேன்.

கூட்டத்திலிருந்து தணிகாசலம் என்று ஒருத்தன், எப்போதும் எனக்கு எதிராக வேலை செய்கிறவன், பீடியை எடுக்காமலே சொன்னான்: "தோழரே, வாசிச்சது நல்லாத்தான் கீது. முதல்ல உங்க வூட்டு முந்தானைய மோந்து பாருங்க. தெருவுக்கே மணக்குது."

இருநூறு பேர் சிரித்தார்கள் சார். என் ஆட்களும் சிரித்தார்கள்.

நேராக வீட்டுக்குப் போனேன். அடுக்குமேல் உப்பு ஜாடிக்குப் பின்னால் குப்பி இருந்தது. அது இருப்பது எனக்கு முன்பே தெரியும். பெண்களுக்கு ஒரு பலவீனம் இருக்கும், போகட்டும் என்று விட்டிருந்தேன். எடுத்து வந்து வாசலில் நின்று, தெருவே பார்க்க, சாக்கடையில் ஊற்றினேன். "என் வீட்டில் இனி முதலாளி வாசனை அடிக்காது" என்று சொன்னேன். பின்னாலேயே வந்திருந்த தணிகாசலத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அமராவதி கதவுக்கு உள்ளே நின்றாள். "அது முதலாளி வூட்டுது இல்லீங்க" என்றாள். அவ்வளவுதான்.

பின்னே யார் வீட்டுது என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? கொள்கைதானே முக்கியம்.

ரோஜா போய்விட்டது பார்த்தீர்களா. இந்த மணிக்கட்டை முகர்ந்து பாருங்கள். இல்லை? சரி, நானே சொல்கிறேன். கடையில் போட்டபோது ஊர்வலம் மாதிரி இருந்தது. மாலை, மேளம், பன்னீர், எல்லாம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் ஒன்றுமில்லை. நிர்வாகம் கொடுக்கிற வாக்குறுதி மாதிரி, கேட்டில் கேட்கிறபோது இனிக்கும், வீட்டுக்குப் போனால் இருக்காது. ரோஜா அவள் இல்லை. தாழம்பூ கொஞ்சம் முரடு. அது இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறது, எதிராளியைப் பேச விடாத பேச்சாளன் மாதிரி. உங்களுக்குத் தலைவலி வந்தது அதனால்தான். அதுவும் அவள் இல்லை. அமராவதி அவ்வளவு பேச மாட்டாள்.

அந்தப் பாய், ஹபீபுல்லா என்று பெயர், நிதானமான ஆள். குப்பியை வாங்கி, பஞ்சை ஊசியால் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். "அய்யா, இதுல எண்ணெய் செத்துப்போச்சு. சுவடு மட்டும்தான் இருக்குது. இன்னதுன்னு சொல்ல முடியாது" என்றார்.

"எது என்று இப்போதே தெரிய வேண்டும்" என்றேன். என் பேச்சு அப்படித்தான்.

"அத்தர் கிட்ட அவசரம் நடக்காதய்யா. போட்ட உடனே வர்றது அதோட சட்டை. தோல் சூட்டுல நாலு மணி நேரம் இருந்துச்சுன்னாத்தான் உள்ள இருக்கிற ஆள் வருவார். ஒவ்வொருத்தர் உடம்புல ஒவ்வொரு மாதிரி வருவார்."

பிறகு கேட்டார்: "அம்மா எங்க வெச்சுக்குவாங்க? காதுக்குப் பின்னால? மணிக்கட்டுல?"

"முந்தானை முனையில் ஒரு சொட்டு."

"முந்தானையிலயா? கழுத்துல, கையில எல்லாம் இல்லையா?"

"இல்லை. முந்தானை முனையில் மட்டும்தான்."

பாய் குப்பியைக் கீழே வைத்தார். "அய்யா என்ன வேலையில இருந்தீங்க?" என்றார். தோல் தொழிற்சாலை, சுண்ணாம்புப் பிரிவு, முப்பத்தோரு வருடம் என்றேன். அதுவரைக்கும் மூன்று அத்தர்தான் போட்டிருந்தார். எழுந்து போய் உள் அலமாரியிலிருந்து நாலாவதை எடுத்து வந்தார். இதோ, இந்த இடது முழங்கையில் இருப்பது. "இது கொஞ்சம் காரமா இருக்கும். கஷாயம் மாதிரி. பிண அறையில வேலை செய்யறவங்க எங்க கிட்ட இதத்தான் வாங்குவாங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் மனைவி எங்கே, பிண அறை எங்கே. ஆனால் வயதான மனிதர், விட்டுவிட்டேன். அதில் ஒரு சின்னக் குப்பியும் கையில் கொடுத்தார், வேண்டாம் என்றேன், சட்டைப் பையில் போட்டு பையைத் தட்டிவிட்டார். அந்தத் தட்டலில் ஒரு மாதிரி இரக்கம் இருந்தது. எனக்கு இரக்கம் பிடிக்காது.

கூச்ச சுபாவம் சார் அமராவதிக்கு. அதைச் சொன்னேனா? அந்த மாதிரிப் பெண்ணை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் வேலை முடிந்து வாசற்படியில் கால் வைப்பேன், முந்தானை முனை அவள் வாய்க்குப் போய்விடும். சோறு போடும்போது ஒரு கை கரண்டியில், ஒரு கை முந்தானையில். புது மணப்பெண் மாதிரி. கல்யாணமாகி இருபது வருடம் ஆன பிறகும் அப்படித்தான். தோழர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், என் எதிரில் அவள் இன்னும் முகத்தை முழுசாகக் காட்டியதில்லை என்று. அப்புறம் ஒரு நாள் எனக்கே அது தவறாகப் பட்டது. பெண் விடுதலை பற்றி இரண்டு பிரசுரம் கொண்டுபோய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நான் உன் எஜமான் இல்லை. எனக்கு முன்னால் எதற்கு இந்த அடிமைத்தனம்? முந்தானையை எடு" என்றேன். எடுத்தாள். நான் சோற்றுப் பக்கம் குனிந்ததும் அது மறுபடி வாய்க்குப் போய்விட்டது. நான் வேறு பக்கம் திரும்புகிற வரைக்கும் காத்திருப்பாள், அதற்குப் பிறகுதான் எடுத்துப் பொத்துவாள். அவ்வளவு கூச்சம்.

வாலாஜா வந்துவிட்டது. டீ குடிக்கலாம் வாருங்கள். நான் வாங்கித் தருகிறேன். என் டீயைக் குடித்தால் நீங்கள் ஒன்றும் சங்கத்தில் சேர வேண்டியதில்லை.

உட்காருங்கள். ஜன்னல் பக்கம் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், காற்று வரும். அந்தக் கைக்குட்டையைக் கொடுங்கள் ஒரு நிமிடம். பாய் கொடுத்த நாலாவது. ஒரே சொட்டு. பயப்படாதீர்கள், தாழம்பூ மாதிரி கத்தாது. என் மூக்கை நம்ப முடியாது, முப்பத்தோரு வருடம் சுண்ணாம்புக் குழியில் கிடந்த மூக்கு. நீங்களும் ஒரு சாட்சியாக இருங்கள்.

எங்கே விட்டேன்? வேலைநிறுத்தம்.

எழுபத்தொரு நாள். எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் அப்படி நடந்ததில்லை. என் வாழ்க்கையில் சந்தோஷமான நாட்கள் எவை என்று கேட்டால் அந்த எழுபத்தொரு நாளைத்தான் சொல்வேன். ஒரு வேளைக் கஞ்சி. ஆனால் அமராவதி மாறிவிட்டாள் சார். அதுவரைக்கும் அவள் கதவோரம்தான் பாய் போட்டுப் படுப்பாள். காற்று வேண்டும், புழுக்கம் தாங்கவில்லை என்பாள். மார்கழியிலும் அவளுக்குப் புழுக்கம்தான். போராட்டம் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டாள். கஞ்சி ஊற்றும்போது முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. முகத்தை முழுசாகப் பார்த்தேன். மேல் உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம். அது அங்கே இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. போராட்டம் ஒரு பெண்ணை எப்படி விழிக்க வைக்கிறது பாருங்கள் என்று மேடையில்கூடப் பேசினேன். பெயர் சொல்லாமல்தான்.

அறுபத்தெட்டாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. கையுறை, காலணி, கூலி உயர்வு. கூடவே ஒன்று சொன்னார்கள். ஆலைக்குள்ளேயே குளியலறை கட்டித் தருகிறோம், வெந்நீர், சோப்பு, வேலை முடிந்து குளித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று. எனக்கு ரத்தம் கொதித்தது. எங்களைக் குளிப்பாட்ட நீங்கள் யார்? நாங்கள் நாறுகிறோம் என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறீர்களா? காகிதத்தை மேசையிலிருந்து தள்ளிவிட்டேன். அந்தக் குளியலறையை மட்டும் நீக்கினால்தான் கையெழுத்து என்றேன். மூன்று நாள் இழுத்தது. நீக்கினார்கள். அன்றைக்கு எழுதின துண்டறிக்கைதான் என் வாழ்க்கையிலேயே சிறந்தது. தலைப்பு: எங்கள் நாற்றம் எங்கள் கொடி. நாலாயிரம் பிரதி. அமராவதிதான் மடித்தாள். அவளுக்கு வாசிக்க வராது, நான் வாசித்துக் காட்டினேன். மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதிக்கிறீங்க" என்றாள். இன்னும் இரண்டு மடித்தாள். "அந்தக் குளிக்கிற ரூமு வெச்சுக்கினு இருக்கலாம்" என்றாள்.

என் அரசியலில் அவள் தலையிட்டது அந்த ஒரு தடவைதான். வர்க்க உணர்வு என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டினாள்.

வேலைக்குத் திரும்பினோம். ஒரு வாரத்தில் முந்தானை பழையபடி வாய்க்குப் போனது. பாய் கதவோரம் போனது. போராட்ட உணர்ச்சி இவ்வளவுதானா என்று எனக்குள் கசந்தது. கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை நான்.

இன்னொன்று. நான் குப்பியைச் சாக்கடையில் ஊற்றினேன் இல்லையா, அதற்குப் பிறகும் வீட்டில் அந்த வாசனை லேசாக இருந்துகொண்டே இருந்தது. சுவரில் ஊறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். சோற்றோடு வரும். அவள் குனியும்போது வரும். போராட்டத்தின்போது இல்லை, வீட்டில் தாளிக்க எண்ணெயே இல்லை, வாசனை எங்கிருந்து வரும். அப்புறம் 2007இல் ஆலையை மூடினார்கள். அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடித்தோம், வாசனை போயே போய்விட்டது. சுண்ணாம்பு அடித்தால் போகாதா என்ன. அப்போதுதான் அவளும் பாயை எடுத்து வந்து என் பக்கத்தில் போட்டாள். வயசாகிவிட்டது, குளிர் தாங்காது என்று நினைத்தேன். முந்தானையும் அத்தோடு நின்றது. வயசானால் கூச்சம் போய்விடும்தானே.

ஷம்ஷாத் பீயிடம் போய்க் கேட்டேன், குப்பிகளைப் பார்த்த அன்றைக்கே. அவள் எங்கள் அடுத்த வீடு. அவள் புருஷனும் என் ஆலைதான். குப்பியைப் பார்த்ததுமே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க சாக்கடையில ஊத்தினதுக்கு அப்புறம் பதினெட்டு வருசம் நான் குடுத்ததுதாண்ணே. அத்தர் பெட்டிக்காரர் ஒருத்தர் வருவார் இல்ல, அவர்கிட்ட வாங்கி ஆளுக்குப் பாதி ஊத்திக்குவோம். என்ன அத்தர்னு யாரு கேட்டா? அவரும் மவுத்தாயிட்டார், இனி கேக்கவும் ஆளில்ல."

"எதற்கு என்னிடம் மறைத்தீர்கள்?" என்றேன்.

"மறைச்சது அவ இல்லண்ணே" என்றாள். பிறகு, "எங்க வூட்டுக்காரரும் டேனரிதானேண்ணே" என்றாள். குப்பியைத் துடைத்து என் கையில் வைத்தாள். இவள் டேனரி என்பதை எதற்கு இதில் இழுக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. படிப்பில்லாத பெண்கள் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

கடைசி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் அமராவதிக்குப் பேச்சு இல்லை சார். என் கையை எடுத்தாள். முகத்தில் வைத்துக்கொண்டாள். மூக்கின் மேல், வாயின் மேல், இப்படி. காய்ச்சல், என் கை குளிர்ச்சியாக இருந்திருக்கும். நர்ஸ் வந்து எடுக்கச் சொன்னாள். அமராவதி விடவில்லை. முன்னால் எல்லாம் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களே. பழி சொல்வதற்காகத்தான் கிளம்பினேன். என்னிடம் மறைத்த பொருள் இது என்று பெயர் சொல்லி அவள் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெட்டி மேல் உட்கார்ந்த அந்த ஒரு நொடி இருக்கிறதே. அது இன்னொரு தடவை வேண்டும். அவ்வளவுதான். வெறும் வாசனையாவது வீட்டில் இருக்கட்டும்.

வேலூர் தாண்டிவிட்டோம். நாலு மணி நேரம் ஆகிவிட்டது. பாய் சொன்ன ஆள் இப்போது வெளியே வந்திருக்க வேண்டும். வெட்டிவேர், பாருங்கள், இன்னும் நிற்கிறது. புதுப் பானைத் தண்ணீர் மாதிரி. நல்ல தோழன், நம்பலாம், ஆனால் என் ஆள் இல்லை. இந்த நாலாவது... கஷாயம் போய்விட்டது. கொஞ்சம் புகை, கொஞ்சம் இலை, கொஞ்சம் ஏலக்காய் மாதிரி ஒன்று. கிட்டத்தில் வருகிறது. மிகவும் கிட்டத்தில். ஆனால் இல்லை சார். ஏதோ ஒன்று குறைகிறது. முகம் முழுசாக இல்லை.

ஆகவே இல்லை. நாலும் இல்லை. ஒரு நாள் வீண்.

பழகிவிட்டது எனக்கு. தோற்றுத் திரும்புகிற பஸ்ஸில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன்.

ஆம்பூர் வரப்போகிறது. நீங்கள் இறங்க வேண்டிய இடம் நெருங்கிவிட்டது. கேட்டதற்கு நன்றி. இந்தக் காலத்தில் யார்...

பொறுங்கள்.

பொறுங்கள் சார், ஒரு நிமிடம் பேசாதீர்கள்.

வந்துவிட்டாள். இந்தக் கையில். இடது கையில். சத்தியமாக, இதுதான். சோறு போடக் குனிகிறாள். இதுதான் சார், ஒரு மயிரிழை குறையாமல் இதுதான். இவ்வளவு நேரம் இல்லாமல் இருந்தது, எப்படி வந்தது? நான் ஒன்றும் செய்யவில்லையே. பஸ்தானே போகிறது, காற்றுதானே வருகிறது.

நீங்கள் என்ன மறுபடியும் கைக்குட்டையை எடுக்கிறீர்கள்?

என்ன நாற்றம்?

எந்தத் தோல் நாற்றம்? எனக்கு ஒன்றும் வரவில்லையே. ஜன்னல் வழியாகவா? எல்லோருமா? ஆமாம், முன் சீட்டு அம்மாவும் பொத்திக்கொண்டிருக்கிறார். டேனரிக் காற்றா? இங்கே இருக்கிறதுதான், இரண்டு பக்கமும். ஆனால் எனக்கு எதுவும்... எனக்கு எப்போதுமே எதுவும்... அப்படியானால் அத்தரில் குறைந்தது இந்தக் காற்றா?

அந்தக் கைக்குட்டை. நான் சொட்டு வைத்தது. அதை இரண்டு விரலில் பிடித்து, வாயையும் மூக்கையும் சேர்த்து, தலையைக் கொஞ்சம் குனிந்து.

அப்படியேதான் பிடிப்பாள்.

ஒரு கை கரண்டியில். ஒரு கை.

அய்யோ, மார்கழியில் புழுக்கம். மார்கழியில்.

வெள்ளையடித்ததால் என்று நினைத்தேன் சார். சுவரில் ஊறியது, சுண்ணாம்பில் போனது என்று நினைத்தேன். எண்ணெய் இல்லாததால் என்று நினைத்தேன். எழுபத்தொரு நாள் நான் அந்தக் குழியில் இறங்கவில்லை. அதுதானே. அந்த மச்சத்தை அதனால்தானே பார்த்தேன். ஆலை மூடுகிற வரைக்கும் இருபத்தொன்பது வருடம் என்னோடு இருந்து, ஒரு வார்த்தை, உங்க மேல நாறுது என்று மூன்று சொல். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? தெரியும், என்ன செய்திருப்பேன். பிரசுரம் வாசித்திருப்பேன். சொல்ல முடியாமல் ஒரு தடவை கேட்டாள், குளிக்கிற ரூமு என்று. அரை மணி நேரம் நான் பேசினேன். எங்கள் நாற்றம் எங்கள் கொடி. நாலாயிரம் பிரதியையும் அவளையே மடிக்க வைத்தேன்.

கொடியை நான் பிடித்தேன். முகர்ந்தது அவள்.

கண்டக்டர் விசில் அடிக்கிறார். இல்லை, இது இன்னும் உங்கள் நிறுத்தம் இல்லை, மேம்பாலம் தாண்டி.

எனக்கு ஒன்றும் இல்லை சார். நான் நன்றாக இருக்கிறேன். எதற்குக் கைக்குட்டையை இறக்குகிறீர்கள்? எனக்காகவா? வேண்டாம். முதலில் ஏறும்போது இறக்குங்கள் என்று சொன்னேன், தப்பு. எடுத்துப் பொத்திக்கொள்ளுங்கள். இறங்குகிற வரைக்கும் பிடித்துக்கொள்ளுங்கள். மரியாதையெல்லாம் பார்க்க வேண்டாம்.

நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.